துரு அக்காவின் அறைக்குள் வந்த வல்லூறு

காலை ஏழு இருபது. அன்றைய இரண்டாவது குளியலில் இருக்கிறார் அவர். முதல் குளியல் எல்லோரையும் போல விடிந்ததும் வீட்டில். இரண்டாவது, வேலை செய்யும் இடத்தில், கண்ணாடி அறைக்குப் போகும் நடையில் இருக்கிற குளியலறையில். மூன்றாவது, மதியம் ஒரு மணிக்கு அந்த அறையை விட்டு வெளியே வரும்போது. மூன்றாவதுதான் முக்கியம். அதற்கு இருபது நிமிடம். காது மடலின் பின்புறம், நகக்கண், விரல் இடுக்கு, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சோப்பு. எட்டு நாளைக்கு ஒரு கட்டி தேயும். பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் சில சமயம் என்ன சோப்பு என்று கேட்பார்கள். "ஆபீஸ் சோப்புங்க, கடையில கிடைக்காது" என்பார்.

தலைமுடியைக் கழுத்துக்கு மேல் ஒட்ட வெட்டியிருக்கிறார். நீளமான முடியை ஒரு நாளைக்கு மூன்று முறை அலச முடியாது என்பதுதான் காரணம். வயது ஐம்பத்து நான்கு. "உடம்புக்கு ஏதாச்சும் முடியலையாம்மா?" என்று புதிதாகப் பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். "உடம்பு கல்லு மாதிரி இருக்கு. வேலை அப்படி" என்று அவரும் குரலைத் தாழ்த்தியே பதில் சொல்வார்.

அவர் கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் தோட்டப் பணியாளர். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நிலையத்தில் யாரும் அவரை அப்படிச் சொல்வதில்லை. இயக்குநர் முதல் வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் அவர் துரு அக்கா. இரும்பில் பிடிக்கும் துரு அல்ல. கோதுமை இலையில் பிடிக்கும் துரு. அது ஒரு பூஞ்சை. செங்கல் தூளைப் பொட்டுப் பொட்டாக ஒட்டவைத்தது போல இலைமேல் புடைத்து நிற்கும். விரலால் தேய்த்தால் பொடியாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடியில் ஒரு துகள் போதும், காற்றில் ஏறிப் போய் இன்னொரு வயலில் இறங்கி அங்கே குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும்.

பத்தொன்பது வருடமாக அவர் செய்கிற வேலை இந்தத் துருவைச் சாகாமல் பார்த்துக்கொள்வது. வெளியே விவசாயிகள் இதை ஒழிக்க மருந்தடிக்கிறார்கள். உள்ளே இவர் இதற்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறார். காரணம் எளிது. புதிதாக ஒரு கோதுமை ரகம் உருவாக்கினால், அது துருவுக்கு எதிரே நின்று பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்குத் துரு வேண்டும். காளானைப் போல, ரொட்டியில் பூக்கும் பூஞ்சையைப் போல, எதன்மேல் வேண்டுமானாலும் வளர்கிற ஜாதி இல்லை இது. தட்டில் போட்டு வளர்க்க முடியாது. உயிருள்ள கோதுமை இலை வேண்டும். இலை செத்தால் இதுவும் செத்தது. ஆகவே பதினான்கு நாளுக்கு ஒரு முறை புது நாற்று, புது இலை, புது விருந்து. ஒரு முறை தவறினால் பத்தொன்பது வருடமும் போயிற்று.

துருவில் வகைக்கு ஓர் எண் உண்டு. அவர் அறையில் இருக்கும் துருவுக்கு எண் ஒன்பது. சுற்று வட்டாரத்தில் காற்றில் வருகிற துரு வேறு. இங்கே எல்லோரும் விதைக்கிற ரகம் அதை ஓரளவு சமாளித்துவிடும். ஒன்பதாம் எண்ணைச் சமாளிக்காது. அதனால்தான் இரட்டைக் கதவு, அதனால்தான் மூன்று குளியல்.

"ஒன்பதுக்கு மூக்குமேல கோவம்" என்பார். "தண்ணி ரெண்டு சொட்டு கூடினா மொளைக்காது. குறைஞ்சாலும் மொளைக்காது. முன்னாடி வளர்த்த மூணாம் நம்பரெல்லாம் அப்படி இல்ல, போட்டத தின்னுட்டுப் போவும்." ஏழு நாள் நாற்றை எடுத்து, விரலை நனைத்து, ஒவ்வோர் இலையையும் அடியிலிருந்து நுனிவரை நீவிவிடுவார். இலைமேல் இருக்கும் மெழுகு போனால்தான் ஈரம் தங்கும். பிறகு மெல்லிய தூரிகையால் பொடியைத் தடவி, பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து மூடுவார். எட்டாம் நாள் புள்ளி தெரியும். அதை அவர் பழுப்பது என்கிறார். அந்த நீவலை அவரைப் போலச் செய்ய நிலையத்தில் வேறு ஆள் இல்லை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் இலையைக் கசக்கிவிட்டுப் போனார்கள்.

இத்தனையும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அண்ணன் ஒருவரைத் தவிர.

அண்ணனுக்கு நிலம் இருப்பது அதே சாலையில், நான்கு கிலோமீட்டர் தள்ளி. வீடு வயலுக்கு நடுவில். விதைத்த நாளிலிருந்து அறுப்பு முடியும்வரை தங்கை அங்கே கால் வைப்பதில்லை. பத்தொன்பது வருடமாக அப்படித்தான். அறுப்பு முடிந்ததும் ஒரு பை நிறையப் பழங்களோடு போய் நான்கு நாள் தங்கி, அண்ணியின் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, வீட்டை ஒரு புரட்டுப் புரட்டிச் சுத்தம் செய்துவிட்டு வருவார். மற்ற மாதங்களில் தொலைபேசி மட்டும்.

அண்ணனுக்கு இது ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலானது. ஆறு வருடத்துக்கு முன்னால் டிராக்டரிலிருந்து விழுந்து கால் முறிந்து ஒன்றரை மாதம் படுத்திருந்தார். பயிர் வயலில் நின்ற நேரம். தங்கை தினமும் போன் செய்தார், வரவில்லை.

"குளிச்சுட்டு வந்தா போயிடும்னு நீதானே சொல்ற" என்றார் அண்ணன்.

"நூத்துல தொண்ணூத்தொம்போது போயிடும் அண்ணா. அந்த ஒண்ணு?"

"நான் என்ன வயல்லயா படுத்திருக்கேன்? கட்டில்ல படுத்திருக்கேன்."

"கட்டிலுக்கு வர வயல் வழியாத்தானே வரணும்."

"போன்ல விசாரிக்கறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க பாப்பா. நீ எதுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். கால் கூடியது, சற்றுக் கோணலாக. பேச்சு கூடவில்லை. அதற்குப் பிறகு போன் செய்தால் நல்லா இருக்கேன், நல்லா இருக்காங்க, வெச்சிடறேன், இந்த மூன்றோடு முடியும்.

இந்த வருடம் குளிர் மாதத்தின் நடுவில் ஒரு நாள், அறையின் கூரை மூலையில் காற்று வெளியே போகிற துவாரத்தைத் துரு அக்கா அண்ணாந்து பார்த்தார். துவாரத்தில் காற்றை வடிகட்டும் கெட்டியான வடிதுணி, அதற்கு வெளியே கம்பிவலை. கம்பிவலையில் பிடித்திருந்தது இரும்புத் துரு. வலை உதிர்ந்து ஓட்டையாகி, விளிம்பு துணியில் உரசி, துணி ஒரு சாண் அளவுக்குக் கிழிந்திருந்தது. உடனே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்தால் அறையைக் காலி செய்வார்கள். மருந்துப் புகை போட்டுப் பழுதுபார்த்துத் திறக்க மூன்று வாரம். ஒன்பதாம் எண்ணுக்கு அடுத்த விருந்து நான்கு நாளில். குளிர்பெட்டியில் காப்புக்கு வைத்திருந்த பொடிக் குப்பிகள் இரண்டு வருடத்துக்கு முன் பெட்டி பழுதானபோதே வீணாகியிருந்தன, மறுபடி எடுத்து வைக்கவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் பள்ளிப் பைகள் தைக்கிறவர். மறுநாள் அவருடைய தடித்த நைலான் நூலும் வளைந்த ஊசியும் அறைக்குள் போயின. முக்காலிமேல் ஏறி, துணியை இரட்டைத் தையலாக இழுத்துத் தைத்தார் துரு அக்கா. நாலு நாள் தாங்கினா போதும், விருந்து முடிஞ்சு, காப்புக்கு ஒரு குப்பி பொடியும் எடுத்து வெச்சதும் எழுதிக் கொடுத்துடலாம் என்று நினைத்துக்கொண்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் மீறிய ஒரே விதி அது.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போல ஒரு சத்தம். தையலைப் பிய்த்துக்கொண்டு ஒரு சிட்டுக்குருவி உள்ளே விழுந்தது. அதன் வால்மேலேயே ஒரு வல்லூறு. பருந்தைவிடச் சிறியது, புறா அளவு. குருவி கண்ணாடியில் மோதித் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. வல்லூறு அதைக் காலில் இடுக்கிக்கொண்டு மேல்தட்டுக் குழாயில் உட்கார்ந்து, ஒரு முறை சுற்றிலும் பார்த்து, இறகைப் பிடுங்கத் தொடங்கியது.

துரு அக்கா முதலில் பறவையைப் பார்க்கவில்லை. துவாரத்தைப் பார்த்தார். காற்றைத் துவாரத்துக்குத் தள்ளும் மின்விசிறியை நிறுத்தினார். மேலங்கியைக் கழற்றி வாளியில் முக்கிப் பிழிந்து, முக்காலியில் ஏறி ஓட்டையில் அடைத்தார். அதன் பிறகுதான் உள்பேசியை எடுத்தார்.

"மேடம், அறைக்குள்ள ஒரு பறவை வந்துடுச்சு. இல்ல, ரெண்டு வந்துச்சு. இப்ப ஒண்ணுதான் இருக்கு."

பிரிவுத் தலைவர் நாற்பது வயதுப் பெண். படியிறங்கி ஓடி வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே வல்லூறு உரித்துப்போட்ட இறகுகள் ஒவ்வொன்றாகக் கீழே தொட்டிகளில் விழுந்தன. விழுந்த இடத்தில் இலைகளிலிருந்து செம்மஞ்சள் புகை போலப் பொடி எழும்பிற்று. பறவையின் சாம்பல் மார்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் நிறமானது.

"அக்கா, கதவத் தொறந்து விரட்டிவிட்டுடுங்க" என்றார் கண்ணாடிக்கு வெளியிலிருந்து.

"தொறக்கக் கூடாது மேடம்."

"அப்ப புடிங்க."

"சாப்பிடட்டும். பசியோட இருந்தா அறை பூரா பறந்து அடிச்சுக்கும். வயிறு ரொம்பினா சும்மா உக்காரும்."

இருபது நிமிடம். அறைக்குள் இரண்டு உயிர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மேலே ஒன்று, இறகும் ரத்தமுமாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. கீழே நூற்று நாற்பது தொட்டிகளில் இன்னொன்று, சத்தமே இல்லாமல். துரு அக்கா சுவரோரமாக நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வல்லூறு நடுநடுவே தலையைத் திருப்பி மஞ்சள் கண்ணால் அவரை முறைத்தது. தன் சாப்பாட்டில் பங்கு கேட்டு நிற்கிறவள் என்று அவரை நினைத்திருக்க வேண்டும்.

அது அலகைக் குழாயில் துடைத்த நேரம் பார்த்து, பிளாஸ்டிக் கூண்டு ஒன்றை மேலிருந்து கவிழ்த்துப் பிடித்தார். முன்கையில் நான்கு கோடாகக் கீறியது. விடவில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றார் மேடம். "உள்ள இருந்து எதுவும் உயிரோட வெளிய போகக் கூடாது. குக்கர்ல போட்டுடுங்க." குக்கர் என்பது தொட்டி மண்ணையும் இலைகளையும் நீராவியில் வேகவைத்துக் கொல்கிற, ஆள் உயர இரும்புப் பாத்திரம்.

"விதியில அப்படி இல்ல மேடம். 'வெளியே செல்லும் எதுவும் கழுவப்பட வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும்.' அல்லதுன்னு போட்டிருக்கு."

"அது ஆளுங்களுக்கு."

"எதுவும்னுதான் இருக்கு. நானும் தினம் கழுவிக்கிட்டுத்தான் வெளிய போறேன். என்னைக் குக்கர்லயா போடறீங்க?"

மேடம் புதுச் சோப்புக் கட்டி ஒன்றுக்குச் சொல்லியனுப்பினார்.

வல்லூறு குளியலறையில் மூன்று முறை சோப்புத் தண்ணீரில் குளித்தது. முழங்கைவரை தோல் கையுறை போட்டுக்கொண்டு, இறக்கையை விரித்து, ஒவ்வோர் இறகின் இடுக்கையும் விரலால் நீவிக் கழுவினார் துரு அக்கா. நாற்றை நீவிய அதே கை. நனைந்ததும் பறவை பாதியாகிவிட்டது. அத்தனை அதட்டலும் இறகில்தான் இருந்தது போலும், உள்ளே ஒரு கைப்பிடி எலும்பு. ஆனால் கண் மட்டும் இம்மியும் இறங்கவில்லை. குளிப்பாட்டி முடித்து ஒரு மரப்பெட்டியில் விட்டார். இறகில் எண்ணெய் போய்விட்டதால் இரண்டு நாள் பறக்க முடியாது என்று தெரிந்தது. கறிக்கடைக்குச் சொல்லி ஈரல் துண்டு வரவழைத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் குளியலறையின் வெளிச் சன்னலைத் திறந்தபோது, திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

அது பின்னால் நடந்தது. முதல் நாள் மதியமே மேடம் அறைக்குள் வந்து துவாரத்தைப் பார்த்தார். கிழிந்த துணியின் ஓரத்தில் நைலான் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது யார் தைச்சது?"

"நான்தான்."

மேடம் முக்காலியில் ஏறி நூலின் நுனியைப் பிடித்துப் பார்த்தார். "பறவை கிழிச்சுதுன்னு எழுதிடறேன்" என்றார். "நூல எடுத்துடுங்க."

"பறவை கிழிக்கல மேடம். முன்னாடியே கிழிஞ்சிருந்துச்சு. நான் பாத்துட்டு எழுதிக் கொடுக்கல. மூணு நாள் அந்தத் தையலோடதான் விசிறி ஓடியிருக்கு. பறவை தலையில போட்டா அந்த மூணு நாள் கணக்குல வராது. ஒரு நிமிஷத்துல என்ன போயிருக்கப் போவுதுன்னு சுத்தி இருக்கறவங்க சரியாப் பாக்காம விட்டுடுவாங்க."

பதிவேட்டை வாங்கித் தன் கையெழுத்திலேயே எழுதினார். எழுத்துப் பிழைகள் இருந்தன, தேதியில் பிழை இல்லை.

விதிப்படி அறையில் இருந்த அத்தனையும் அன்றே குக்கருக்குப் போக வேண்டும். பதினொரு மணித் தண்ணீர் விடாமல் இருந்தது. பழக்கத்தில் வாளியை எடுத்து நூற்று நாற்பது தொட்டிக்கும் அளந்து தண்ணீர் விட்டார். விட்டு முடித்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இருபது இருபது தொட்டியாக ஏழு தடவை குக்கரை ஏற்றி இறக்கினார். ஒன்பதாம் எண் அத்தோடு முடிந்தது. அழவில்லை. வீட்டுக்குப் போய், குளியலறையில் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துவந்த நூலையும் ஊசியையும் வீட்டுக்காரரிடம் கொடுக்காமல், மறுபடி கொதிநீரில் போட்டார்.

விசாரணை முடியும்வரை ஒரு மாதம் நிலையத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. சுற்றியிருக்கும் பதினொரு விவசாயிகளுக்கு நிலையத்திலிருந்து கடிதம் போனது. பத்துப் பேருக்குக் கடிதம் போதும். பதினோராவது ஆளிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று மறுநாள் பேருந்து ஏறினார். வயலுக்குள் இறங்காமல், சாலை ஓரத்தில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் கோணல் நடையில் வரப்பு வழியாக வந்தார். முழங்கால் உயரப் பயிர் இரண்டு பக்கமும் கருகருவென்று நின்றது.

எல்லாவற்றையும் சொன்னார். தையலையும் சொன்னார்.

"இத்தனை வருஷம் குளிச்சதெல்லாம் இதுக்குத்தானா" என்றார் அண்ணன்.

"ஆமா."

"என் கால் ஒடைஞ்சப்ப வராததும்?"

"ஆமா."

"நீயே கிழிசல மறைச்சு வெச்சியா?"

"ஆமா அண்ணா."

அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். திட்டுவார் என்று தங்கை நின்றார். திட்டினால் சௌகரியமாக இருந்திருக்கும். "துரு வந்திருந்தா எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார் அண்ணன். "எனக்குக் காட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியும். அறைய இப்ப காலி பண்ணியாச்சு. ஆனாலும் மூணு நாள் போகட்டும். இந்தத் துணிகூட வேண்டாம்."

மூன்று நாள் கழித்துப் புதுத் துணி, புதுச் செருப்போடு வந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பச்சை நிற்கும்போது அண்ணனின் வயலில் இறங்கினார். காலையில் பனி காய்ந்ததும் தொடங்கி, ஆளுக்கொரு வரிசையாக, குனிந்து குனிந்து நடந்தார்கள். அண்ணி மோரைக் கொண்டுவந்து வரப்பில் வைத்துவிட்டுத் தானும் ஒரு வரிசை பிடித்தார். வானத்தில் பருந்து ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

"அதையும் பாரு, தினம் வருது" என்றார் அண்ணன். "போன வாரம் ரெண்டு குஞ்சத் தூக்கிட்டுப் போச்சு. உன் துரு இதவிடவா மோசம்?"

துரு அக்கா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பருந்தைப் பார்த்தார். "அது ரெண்டு குஞ்ச எடுத்துச்சுன்னா ரெண்டு போச்சு. மிச்சம் பத்து மிச்சந்தான். பசிச்சா வரும், வயிறு ரொம்பினா போயிடும். வரும்போது நிழல் விழும், கோழி கத்தும், நீங்க கல்ல எடுப்பீங்க. இதுக்கு நிழல் கிடையாது."

"அப்ப இது செடியக் கொல்லுமா?"

"கொல்லாது. அதான் விஷயம். பருந்துக்குக் கோழி சாகணும். இதுக்குச் செடி சாகக் கூடாது. செடி செத்தா இதுக்குச் சோறு போச்சு. அதனால உசுரோட வெச்சு, இலை கதிருக்கு அனுப்பற சாப்பாட்டப் பாதி வழியில எடுத்துக்கும். செடி நிக்கும், பச்சையாக்கூட இருக்கும். கதிர்ல ஒண்ணும் இருக்காது."

அண்ணன் அடுத்த செடிக்கு நகர்ந்தார். "நம்ம சின்ன மாமா வந்து தங்கின மாதிரி."

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்து, ஆறு வருடம் இருந்துவிட்டுப் போன அம்மாவின் தம்பி அவர். துரு அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி மூன்றாவது வரிசையிலிருந்து, "அந்த மனுஷன் தின்னாலும் விறகு பொளந்து போட்டாரு" என்றார். அண்ணனும் சிரித்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

தேடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலையில் அண்ணன் குரல் வடக்கு ஓரத்திலிருந்து வந்தது. "பாப்பா. இங்க வா."

குரலிலேயே தெரிந்தது. துரு அக்கா ஓடவில்லை. ஓடினால் இலைகள் உரசும். நடந்து போய் மண்டியிட்டார். கீழ் இலை ஒன்றில் ஏழெட்டுப் புள்ளிகள், செம்மஞ்சளாக. கட்டைவிரலால் தேய்த்தார். பொடி விரலில் வந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன், "அதானா?" என்றார்.

துரு அக்கா இலையை வெளிச்சத்துக்கு எதிராகத் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "ஒவ்வொரு புள்ளியச் சுத்தியும் வெளுத்திருக்கு பாருங்க, வளையம் மாதிரி" என்றார். "அந்த இடத்துல செடி தன் உடம்பத் தானே சாகவிட்டு அத அடைச்சு வெச்சிருக்கு. இது காத்துல வர சாதாரணத் துரு. உங்க ரகம் இதோட மல்லுக்கு நிக்கும். ஒன்பதா இருந்தா வளையம் இருக்காது. செடி கதவத் தொறந்து உள்ள வாங்கன்னு சொல்லியிருக்கும்."

"நிச்சயமா?"

"என் கண்ணுக்கு நிச்சயம். ஆனா என் கண்ணு சொல்லி நீங்க நம்ப வேண்டாம். நான் தைச்ச தையலும் நாலு நாள் தாங்கும்னுதான் சொன்னேன்."

இலையை இரண்டு உறையில் போட்டு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அதன் பொடியை நாற்றுகளில் தடவிப் பார்த்துப் பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் அண்ணன் தூங்கினாரா என்பது அண்ணிக்குத்தான் தெரியும். பகலில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தங்கையோடு வரிசை வரிசையாக நடந்தார். நடையில் அவருக்குச் சமமாக வருவதற்குத் தங்கை வேகத்தைக் குறைத்துக்கொண்டார். கடிதத்தில் ஒரே வரி. அனுப்பிய இலையில் இருந்தது ஒன்பதாம் எண் அல்ல. மற்றப் பத்து வயல்களிலும் எதுவும் இல்லை.

அதே வாரம் விசாரணை முடிந்து எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது. கூடவே மேடம் போன் செய்தார். தூரத்தில் இருக்கிற இன்னொரு நிலையம், பல வருடத்துக்கு முன் இங்கிருந்து வாங்கி உறையவைத்த ஒன்பதாம் எண் குப்பி ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தது. "மொளைக்குமான்னு தெரியலக்கா. உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா விதைப் பொட்டலம் போடற பிரிவுக்கு மாத்திடறேன். அங்க இந்தக் குளியல் தொல்லையெல்லாம் இல்ல. தினம்கூட அண்ணன் வீட்டுக்குப் போலாம்."

துரு அக்கா அன்று அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகு விஷயத்தைச் சொன்னார். ஆசையாக இருக்கிறது என்றும் சொன்னார், எதன்மேல் என்று சொல்லவில்லை. அண்ணி, "பொட்டலமே போடேன், இந்த வயசுல எதுக்கு" என்றார்.

அண்ணன் ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தார். "நீ போகலைன்னா வேற யாரையாவது போடுவாங்கல்ல?"

"போடுவாங்க."

"அவங்க மூணு தடவை குளிப்பாங்களா?"

துரு அக்கா உரித்த நார்களை உள்ளங்கையில் சேர்த்து எடுத்துக்கொண்டு எழுந்தார். "தெரியல அண்ணா" என்றார். திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்குக் குளியலறைக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

குப்பியை நாற்பது டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து எழுப்பினார்கள். பொடியை ஏழு தொட்டி நாற்றுகளில் துரு அக்கா தடவினார். எட்டாம் நாள் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. "தூக்கம் கலையல" என்றார் மேடத்திடம். பத்தாம் நாள் மூன்றாம் தொட்டியில், நாலாவது நாற்றில், ஊசி முனை அளவுக்கு ஒரே ஒரு புள்ளி. பூதக்கண்ணாடியில் பார்த்தார். வளையம் இல்லை. யாரிடமும் சொல்லாமல், அறையின் மற்ற வேலைகளை எல்லாம் முடித்துவிட்டு, மதியம் ஒரு மணிக்கு இருபது நிமிடம் குளித்துவிட்டு வெளியே வந்தார்.

வாயிலில் அண்ணனுடைய மொபெட் நின்றது. வயலில் கதிர் வெளிவந்து பால் பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். அண்ணி ஏதோ செய்து டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தார். தலை ஈரம் சொட்டச் சொட்டத் தங்கை நடைபாதையில் வருவதை அண்ணன் பார்த்தார். அழைக்கவில்லை, உள்ளே வரவும் இல்லை. டப்பாவை வாயிற்சுவரின்மேல் வைத்து, அது சாயாமல் இருக்க ஒரு சிறு கல்லை முட்டுக் கொடுத்தார். அண்ணாந்து, சாலையோர மரத்தின் இலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்தார். பிறகு மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, கோணல் காலை இழுத்து இழுத்து, காற்று வரும் பக்கமாகப் பதினைந்து அடி போய், அங்கே நின்றுகொண்டு கையை ஆட்டினார்.